வீடு மாறும் இடைவெளியில் சாமான்களை எங்கே வைப்பது? வாடகை அறை, கிடங்கு, உறவினர் வீடு: ஓர் ஒப்பீடு

சிங்கப்பூரில் வீடு மாறுவது ஒரே நாளில் முடிந்துவிடுவது அரிது. பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் சாவியை ஒப்படைக்கும் நாளுக்கும், புதிய வீட்டில் ஓடு பதித்து, அலமாரி அடித்து, சாயம் பூசி முடிக்கும் நாளுக்கும் இடையே இரண்டு மாதமோ நான்கு மாதமோ ஓடிவிடுகிறது. இடிப்பது, துளையிடுவது போன்ற சத்தமான வேலைகளை வீவக வீடுகளில் வார நாள்களில் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரைதான் செய்யலாம் என்பதால் புதுப்பிப்பு வேலையை எடுத்துச் செய்யும் குத்தகைக்காரர் நினைத்தாலும் அதை விரைவுபடுத்த முடியாது. நம் குடும்பங்களில் ஆடி மாதமும் சேர்ந்துகொள்கிறது: ஜூலை நடுவில் வேலை முடிந்தாலும், ஆவணி பிறந்த பிறகு பால் காய்ச்சலாம் என்று பெரியவர்கள் சொன்னால் அதை மீற மனம் வருவதில்லை. அதுவரை நாம் பெற்றோர் வீட்டில் ஓர் அறையில் ஒண்டிக்கொள்ளலாம். இருபது ஆண்டு சேர்ந்த சாமான்கள் எங்கே ஒண்டும்?

ஈசூனில் இருந்த நாலறை வீட்டை விற்று ஜூரோங் வெஸ்ட்டில் மறுவிற்பனை வீடு வாங்கியபோது, மாத வாடகையை மட்டும் பார்த்துக் குளிரூட்டப்படாத ஒரு சேமிப்பு அறையை எடுத்தோம். மூன்று மாதம் கழித்து அம்மாவின் கூறைப் புடவை இருந்த பெட்டியைப் பிரித்தேன். கடையில் கொடுத்த பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே இருந்த அந்த அரக்குச் சிவப்புப் பட்டில், மடிப்பு மடிப்பாகச் சாம்பல் நிறப் புள்ளிகள் வரிசை பிடித்திருந்தன. முந்தானைச் சரிகை ஒரு விரல் அகலத்துக்குக் கறுத்திருந்தது. அறைக்குள் தண்ணீர் ஒழுகவில்லை, பெட்டி நனையவும் இல்லை. நம் ஊர்க் காற்றே அதைச் செய்யப் போதுமானது. இங்கே காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். விடியற்காலையில் 90ஐத் தாண்டும். வெயில் ஏறிய பிற்பகலில்தான் 60க்கு அருகே இறங்கும். பூஞ்சைக்கு இதைவிட உகந்த இடம் வேண்டியதில்லை. ஆகவே இந்த ஒப்பீட்டில் நான் முதலில் பார்ப்பது ஈரத்தை. அடுத்ததாக, இடையில் போய் ஒரு பொருளை எடுத்துவர முடியுமா என்பதை. வாடகையை அதற்குப் பிறகே பார்க்கிறேன்.

இதற்கெல்லாம் முன்பு, இடைவெளியையே சுருக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். வீவக மறுவிற்பனையில், கட்டி முடிந்த வேறொரு வீட்டை வாங்க உறுதிசெய்துவிட்ட விற்பனையாளர், வாங்குபவர் சம்மதித்தால், விற்பனை நிறைவுற்ற பிறகும் மூன்று மாதம் வரை பழைய வீட்டிலேயே தங்க விண்ணப்பிக்கலாம். வாங்குபவர் அதற்கு ஈடாக ஏதேனும் தொகை கேட்கக்கூடும். ஆனாலும் சாமான்களை இருமுறை ஏற்றி இருமுறை இறக்கும் கூலியும், சேமிப்பு வாடகையும், ஈரத்தால் வரும் இழப்பும் இல்லாமல் போவதால், கிடைத்தால் இதுவே மற்ற எல்லா வழிகளையும்விட நல்லது என்பேன். கிடைக்காதவர்களுக்கே மீதி அலசல்.

வாடகைச் சேமிப்பு அறையும் நிறுவனக் கிடங்கும்

‘செல்ஃப் ஸ்டோரேஜ்’ என்று எல்லாரும் சொல்லும் வாடகைச் சேமிப்பு அறைகள் காலாங், உபி போன்ற தொழிற்பேட்டைக் கட்டடங்களில் இருக்கின்றன. ஒரு சிறிய நிலைப்பேழை அளவிலிருந்து ஒரு படுக்கையறை அளவு வரை கிடைக்கும்; சதுர அடிக் கணக்கில் மாத வாடகை; பூட்டும் சாவியும் நம் கையில். இதன் பெரிய பலம், வேண்டும்போது போய்த் திறக்கலாம் என்பதுதான். பள்ளி திறக்கும்போது பிள்ளையின் புத்தகமோ, எதிர்பாராத ஒரு திருமணத்துக்கு நகைப்பெட்டியோடு வைத்த பட்டுச் சட்டையோ தேவைப்பட்டால் அரை மணி நேரத்தில் எடுத்துவந்துவிடலாம். பலவீனம், வேலை முழுவதும் நம்முடையது என்பது: லாரி பிடித்து, தள்ளுவண்டியில் ஏற்றி, மின்தூக்கிக்குக் காத்திருந்து, அடுக்கி, பிறகு இதையே திரும்பவும் செய்ய வேண்டும்.

குளிரூட்டப்பட்ட அறை, குளிரூட்டப்படாத அறை என்ற பிரிவில் பலர் விலை வித்தியாசத்தைப் பார்த்துத் தயங்குகிறார்கள். மரம், தோல், துணி, புத்தகம், புகைப்படம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று உள்ளே போகிறது என்றால் குளிரூட்டப்பட்டதையே எடுங்கள். இரும்பும் எவர்சில்வரும் பிளாஸ்டிக்கும் மட்டுமே போகிறது என்றால் மற்றதே போதும். ஆனால் ‘ஏர்கான்’ என்ற சொல்லோடு திருப்தி அடைந்துவிடக் கூடாது. குளிரூட்டி இரவும் பகலும் ஓடுகிறதா, ஈரப்பதம் அளக்கப்படுகிறதா என்று நேரில் போய்க் கேளுங்கள். நுழைந்தவுடன் மூக்கில் புழுங்கல் வாடை பட்டால் திரும்பிவிடுங்கள்.

வீடு மாற்றும் நிறுவனங்கள் தங்கள் கிடங்கிலேயே வைத்துக்கொள்ளும் முறை வேறு வகை. நம் வீட்டு வாசலில் ஏற்றிய சாமான்கள் கிடங்கில் ஆளுயர மரப்பெட்டிகளுக்குள் அடுக்கப்பட்டு, மூடி முத்திரையிடப்பட்டு, ஃபோர்க்லிஃப்டால் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கப்படும். புதிய வீட்டுக்கு வரும் நாளில்தான் அந்தப் பெட்டி திறக்கும். ஒரு முறை அடுக்கியதை இடையில் யாரும் தொடுவதில்லை என்பதால் சோபா, கட்டில், சாப்பாட்டு மேசை போன்றவை கீறல் படாமல் தப்பிக்க இதில் வாய்ப்பு அதிகம். முழு வீட்டுச் சாமானுக்கு, ஒரே அளவு இடத்தை வாடகை அறையாக எடுப்பதைவிட இது பொதுவாகக் குறைந்த செலவில் முடியும். ஆனால் நடுவில் ஒரு பொருள் வேண்டும் என்றால் முன்கூட்டியே சொல்லி, தனிக் கட்டணம் செலுத்தி, அந்தப் பெட்டியை இறக்கச் செய்ய வேண்டும். பல கிடங்குகள் குளிரூட்டப்பட்டவையும் அல்ல.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் பொருள் பட்டியலை ஒவ்வொரு வரியாகச் சரிபாருங்கள். ‘பெட்டி 14, சமையலறை’ என்று எழுதியிருந்தால் போதாது; ‘பெட்டி 14: கிரைண்டர் கல் இரண்டு, இட்லிப் பானை, பித்தளைக் குடம்’ என்று இருக்க வேண்டும். ஒரு நிறுவனத்தில் எங்கள் தையல் இயந்திரம் பட்டியலில் ‘சிறு மேசை’ என்று இருந்தது; அதன் இரும்புச் சக்கரம் உடைந்து வந்தபோது, அப்படி ஒரு பொருளை ஏற்றியதற்கே எங்களிடம் சான்று இல்லை. அன்று முதல் ஒவ்வொரு பெட்டியையும் மூடும் முன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்வதை வழக்கமாக்கிக்கொண்டேன். தகராறு முற்றினால் 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளைச் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில், வழக்கறிஞர் இல்லாமலே, நாமே வைக்கலாம். அங்கேயும் பேசப்போவது அந்தப் பட்டியலும் படமும்தான்.

காப்புறுதியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வீவக கடன் வாங்கியவர்கள் எடுத்திருக்கும் தீக் காப்புறுதி கட்டடப் பகுதிகளுக்கு உரியது. வீட்டுச் சாமான்களுக்கு அல்ல. சாமான்களுக்கென்று தனியாக எடுத்த காப்புறுதியிலும், பொருள்கள் வீட்டு முகவரியை விட்டு வெளியே இருக்கும் மாதங்களுக்குப் பாதுகாப்பு உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

உறவினர் வீடும் பாதுகாப்பறையும்

அண்ணன் வீட்டிலோ சித்தி வீட்டிலோ வைப்பதற்கு வாடகை இல்லை. ஆனால் நான்கு பேர் வாழும் மூவறை வீட்டில் பத்துப் பெட்டி வைப்பது அவர்களுக்குச் சின்ன சிரமம் இல்லை. வெளியே தாழ்வாரத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று எண்ண வேண்டாம்: தீ விபத்தின்போது வெளியேறுவதற்காகக் குறைந்தது 1.2 மீட்டர் வழி தடையின்றி இருக்க வேண்டும் என்பது விதி, நகர மன்றமும் அறிவிப்பு ஒட்டிவிடும். அதனால் உறவினர் வீட்டுக்கு அனுப்ப வேண்டியவை எண்ணிக்கையில் சில, மதிப்பில் பெரியவை: பட்டுப் புடவைகள், திருமண ஆல்பங்கள், பத்திரங்கள், சாமி படங்கள். ஆள் புழங்கும் வீட்டில் அலமாரியைத் திறந்து மூடுகிற காற்றோட்டமே பட்டுக்குப் பாதி மருந்து. சாமி படங்களை விளக்கில்லாமல் பூட்டிய அறையில் மாதக்கணக்கில் வைக்க என் அம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை. சித்தி தன் பூசை அலமாரியில் இடம் ஒதுக்கித் தந்தது அவரை எவ்வளவு ஆறுதல்படுத்தியது என்று பார்த்தேன்.

நீங்கள் குடிபோகும் வீடு 1990களின் இறுதியிலிருந்து கட்டப்பட்ட வீவக வீடு என்றால் இன்னொரு வழியும் உண்டு. ‘பாம் ஷெல்ட்டர்’ என்று நாம் சொல்லும் பாதுகாப்பறையின் சுவர்களை இடிக்க அனுமதி இல்லாததால், புதுப்பிப்பு வேலை நடக்கும்போதும் அந்த அறை பெரும்பாலும் அப்படியே இருக்கும். கனத்த இரும்புக் கதவும் உண்டு. பாத்திரம், கிரைண்டர், கருவிப்பெட்டி போன்றவற்றை அங்கே வைத்தால் ஒரு மாதச் சேமிப்பு வாடகையேனும் மிஞ்சும். ஆனால் ஓடு அறுக்கும் தூசு எதையும் விடாது; காற்றுத் துளைகளை அடைக்கவும் கூடாது; குத்தகைக்காரரும் தம் கருவிகளை வைக்க அதே அறையைக் கேட்பார். துணியும் காகிதமும் அங்கே வேண்டாம்.

எதில் கட்டுவது, யார் கட்டுவது

அட்டைப்பெட்டிக்கும் வாடகைப் பிளாஸ்டிக் பெட்டிக்கும் இடையே முடிவு எளிது. இன்று கட்டி நாளை பிரிப்பதென்றால் பிளாஸ்டிக் பெட்டி சிறந்தது: நாடா ஒட்ட வேண்டாம், மழையில் நனையாது, ஒன்றன்மேல் ஒன்றாக நசுங்காமல் நிற்கும். மாதக்கணக்கில் வைப்பதென்றால் அதன் வாடகை ஏறிக்கொண்டே போகும். புதிய இரட்டைச் சுவர் அட்டைப்பெட்டி வாங்குங்கள். தேக்காவில் காய்கறிக் கடைக்காரர்கள் தரும் பழைய பெட்டிகளை நான் தவிர்க்கச் சொல்வேன். அவை ஏற்கெனவே ஈரம் பட்டவை. அடிமடிப்பில் கரப்பான் முட்டையும் சேர்ந்து வரக்கூடும். புத்தகங்களைச் சிறிய பெட்டியிலும், தலையணை, போர்வைகளைப் பெரிய பெட்டியிலும் வையுங்கள். மாற்றி வைத்தால் அடி பிய்ந்துவிடும்.

நிறுவனத்தாரே வந்து கட்டித் தருவது வேகமானது. கண்ணாடித் தட்டுகளை நிறுத்தி வைத்துக் காகிதம் சுற்றுவதில் அவர்கள் கை நம்மைவிடத் தேர்ந்தது. தட்டு, கோப்பை, தொலைக்காட்சி, கண்ணாடி மேசை ஆகியவற்றை அவர்களிடமே விடுங்கள். பூசைப் பொருள், பட்டு, வெட் கிரைண்டர் மூன்றையும் நீங்களே கட்டுங்கள். பித்தளை விளக்கைப் புளி போட்டுத் துலக்கி, திரி முகத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்து, ஒரு நாள் காற்றாட உலர்த்திய பிறகே பருத்தித் துணியில் சுற்ற வேண்டும். பட்டை வெள்ளை மல் துணியில் மடித்து வையுங்கள், பிளாஸ்டிக் உறை வேண்டாம். நாப்தலின் உருண்டை சரிகையைத் தொடக் கூடாது. கிரைண்டரின் கல்லைக் கழற்றித் தனியே சுற்றுங்கள். பானைக்குள்ளேயே விட்டால் லாரி குலுங்கும்போது அது பானையை மோதி நசுக்கிவிடும்.

குளிர்பதனப் பெட்டியை முந்தைய நாளே அணைத்து, உறைந்த நீரை வடித்துத் துடைத்துவிடுங்கள். நிமிர்த்தியே கொண்டுபோகச் சொல்லுங்கள். சாய்க்க நேர்ந்தால் புது வீட்டில் சில மணி நேரம் நிற்கவிட்டு இணையுங்கள். சேமிப்பில் இருக்கும் மாதங்களில் அதன் கதவு சற்றே திறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே கறுப்பு படியும். புதியது வாங்குவதாக இருந்தால் பழையதைச் சேமிக்கவே வேண்டாம்: 2021 ஜூலை முதல், புதிய குளிர்பதனப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவரும் கடை பழையதை இலவசமாக எடுத்துச் செல்ல வேண்டும் என்பது சட்டம். பழைய மெத்தை, உடைந்த அலமாரி போன்றவற்றுக்கு நகர மன்றத்தின் இலவசப் பருமப்பொருள் அகற்றும் சேவையைக் கேளுங்கள். சேமிப்பு அறையில் அவை பிடிக்கும் சதுர அடிக்கும் நாம்தான் வாடகை கொடுக்கிறோம்.

இன்று மறுபடியும் வீடு மாறினால் நான் மூன்றாகப் பிரிப்பேன். மரச்சாமான், மெத்தை, பெரிய மின்சாதனம் ஆகியவை, ஈரத்தைப் பற்றிக் கேட்டறிந்த பிறகு, நிறுவனக் கிடங்குக்கு. புத்தகம், பிள்ளைகளின் பொருள், அலுவலக உடை ஆகியவை மிகச் சிறிய, குளிரூட்டப்பட்ட வாடகை அறைக்கு. பட்டும் ஆல்பமும் சாமி படங்களும் சித்தி வீட்டுக்கு. இரண்டு கட்டணம் வருகிறதே என்று தோன்றலாம். முழு வீட்டையும் ஒரு பெரிய குளிரூட்டப்பட்ட அறையில் வைப்பதைவிட அது குறைவாகவே வரும் என்பது நான் விலை கேட்டு அலைந்ததில் தெரிந்தது. லாரிக்கு மாதக் கடைசியையும் சீனப் புத்தாண்டுக்கு முந்தைய வாரங்களையும் தவிர்ப்பேன். ஆகஸ்ட், செப்டம்பரில் வரும் ஏழாம் சீன மாதத்தில் சீனக் குடும்பங்கள் பல வீடு மாறுவதில்லை என்பதால், ஆவணியில் குடியேறும் நமக்கு விரும்பிய நாள் கிடைப்பது எளிதாகலாம்.

எந்தக் கிடங்குக்கும் போகக் கூடாத பெட்டி ஒன்று உண்டு: பால் காய்ச்சும் பாத்திரம், சின்னக் காமாட்சி விளக்கு, திரி, எண்ணெய், தீப்பெட்டி, அரிசி, உப்பு, மஞ்சள். அதை எண்ணிடாமல், பட்டியலில் சேர்க்காமல், முதலிலேயே கட்டி, தங்கியிருக்கும் வீட்டில் கட்டிலடியில் வைத்துக்கொள்ளுங்கள். குடிபோகும் காலையில் அது லாரியில் ஏற வேண்டாம். உங்கள் மடியிலேயே வரட்டும்.