சூடோ கேட்கவில்லை என்றால் ரூட்லெஸ் ஆகிவிடாது: கடலூர், பாண்டி பக்கம் சர்வர் வேலை கொடுப்பவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்

கொட்டேஷனில் "ரூட்லெஸ் கன்டெய்னர்" (புரோகிராமைத் தனியாக அடைத்து ஓட்டும் பெட்டிதான் கன்டெய்னர்; சர்வரில் எல்லா அதிகாரமும் உள்ள ரூட் கணக்கு இல்லாமல் சாதாரணக் கணக்கிலேயே ஓடினால் ரூட்லெஸ்) என்று தனி வரி போட்டு, அதற்குத் தனியாகக் காசும் வாங்கிக்கொண்டு, கன்டெய்னர் ஓட்டும் மென்பொருளான டாக்கரைச் சாதாரணமாக, ரூட்டிலேயே ஏற்றிவிட்டுப் போயிருக்கிறார் பாண்டியிலிருந்து வந்த ஒருவர். மஞ்சக்குப்பத்தில் எங்கள் ஆபீஸ். பில்லிங், கஸ்டமர் ஆவணங்கள் எல்லாமே அந்த ஒரே லினக்ஸ் சர்வரில்தான். பெயர் வேண்டாம். ஆனால் செம்மண்டலத்தில் வேறொரு கடைக்கும் இதே கொட்டேஷன் போயிருக்கிறதாம், அதனால்தான் எழுதுகிறேன்.

அவர் செய்தது இவ்வளவுதான்: எங்கள் யூசர் கணக்கை டாக்கர் குரூப்பில் சேர்த்துவிட்டு, "பாருங்க சார், சூடோ இல்லாமலே ஓடுது, அப்போ ரூட் இல்லைதானே" என்று ஓட்டியும் காட்டினார் (சூடோ என்பது ரூட் அதிகாரத்தில் கமாண்டை ஓட்டும் வழி). சாமர்த்தியம்தான். டாக்கர் டீமன் என்ற பின்னணி புரோகிராம் ரூட்டாகவேதான் ஓடுகிறது; அந்தக் குரூப்பில் இருக்கும் யாரும் மொத்த டிஸ்க்கையும் ஒரு கன்டெய்னருக்குள் மவுன்ட் செய்து, பாஸ்வேர்ட் ஹாஷ் இருக்கும் ஷேடோ ஃபைலைப் படிக்கலாம், மாற்றவும் செய்யலாம். டாக்கரின் சொந்த ஆவணத்திலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது.

குட்டு வெளிப்பட்டது ஒரு பில் பிடிஎஃப்பால். தப்பாக வந்த பில்லை ஆபீஸ் பெண் அழிக்கப் பார்த்தால் பர்மிஷன் இல்லை என்கிறது, ஓனர் யார் என்று பார்த்தால் ரூட். நிஜமான ரூட்லெஸில் கன்டெய்னருக்குள் ரூட்டாக இருப்பது வெளியே நம் சாதாரண கணக்குதான், ஃபைலும் அந்தப் பெயரில்தான் விழும். போன் போட்டதும் ரிமோட்டில் வந்து ஃபோல்டர் முழுக்க 777, அதாவது யார் வேண்டுமானாலும் படிக்கலாம், மாற்றலாம் என்ற பர்மிஷன் கொடுத்துவிட்டு "முடிஞ்சது சார்" என்றார். கேட்டால் எல்லா இடத்திலும் இப்படித்தானாம். பணத்தைத் திருப்பிக் கேட்டதிலிருந்து போனையே எடுப்பதில்லை.

இப்போது தெரிந்த தம்பி ஒருவர் டாக்கர் போலவே கன்டெய்னர் ஓட்டும் பாட்மேனுக்கு, ரூட்லெஸாகவே மாற்றிக் கொடுத்திருக்கிறார். இதிலும் தொல்லை இல்லாமல் இல்லை: 1024க்குக் கீழே உள்ள போர்ட்டை நேராகத் திறக்க முடியாது, லிங்கர் என்ற செட்டிங்கைப் போடாவிட்டால் லாக்அவுட் ஆனதும் கன்டெய்னர் நின்றுவிடும். அப்புறம், கன்டெய்னரை உடைத்துக்கொண்டு எவனாவது வெளியே வந்தால் அந்தக் கணக்கு தொடக்கூடிய எல்லாவற்றையும் அவனும் தொடுவான், அதனால் பில்லிங்குக்கென்றே தனிக் கணக்கு வைத்திருக்கிறோம்.

டாக்கரிலும் ரூட்லெஸ் உண்டு, 20.10 பதிப்பிலிருந்து அது சோதனை நிலையில் இல்லை. பணம் கொடுக்கும் முன் டாக்கர் இன்ஃபோ கமாண்டை அவரையே அடிக்கச் சொல்லுங்கள். செக்யூரிட்டி ஆப்ஷன்ஸில் ரூட்லெஸ் என்று வரவில்லையென்றால் மிச்சக் காசைக் கொடுக்காதீர்கள்.