ஏழு கணினி உள்ள கடைக்கு எந்த வைரஸ் காவல்: கட்டண ஆன்டிவைரஸா, விண்டோஸோடு வருவதா, ஃபயர்வால் பெட்டியா?

போடிநாயக்கனூரில் ஏலக்காய் வாங்கி விற்கும் எங்கள் கடையில் ஏழு கணினிகள் உள்ளன. ஒன்றில் டேலி கணக்கு இருக்கிறது. மற்ற ஆறும் பொதுக் கோப்புறை வழியாக அதே கணக்கைத் திறக்கின்றன. வண்டன்மேடு, சாந்தன்பாறைப் பக்கத்துத் தோட்டங்களின் எடைக் கணக்கு பென் டிரைவில் மலையிறங்கி வருகிறது. ஏல விவரமும் இ-வே பில்லும் இணையத்தில் நடக்கின்றன. இப்படிப்பட்ட இடத்துக்கு எது பொருந்தும் என்று மூன்று வழிகளையும் பார்த்து, கடைசியில் விண்டோஸோடு வரும் டிஃபெண்டரையே வைத்துக்கொண்டேன். முன்பு ஐந்து ஆண்டுகள் கட்டண ஆன்டிவைரஸ்தான் இருந்தது.

வைரஸைப் பிடிக்கும் திறனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சென்னையின் கே7, புனேயின் குவிக் ஹீல் போன்றவையும் டிஃபெண்டரும் அன்றாடம் சுற்றும் வைரஸ்களைத் தடுக்கக்கூடியவைதான். ஒரே திரையில் எல்லாக் கணினிகளையும் கண்காணிக்கும் வசதியும், பென் டிரைவை அடியோடு பூட்டிவைக்கும் வசதியும் கட்டண மென்பொருளின் வணிகப் பதிப்புகளில் கிடைக்கின்றன; இவை உண்மையிலேயே பயனுள்ளவை.

ஆனால் அவற்றை யார் பார்த்துக்கொள்வது என்பதில்தான் எங்களுக்கு இடறியது. எங்கள் ஏழு லைசென்ஸ்களும் கணினி வாங்கிய நாளை ஒட்டித் தனித்தனியாக வாங்கப்பட்டவை; ஆகவே ஏழுக்கும் ஏழு காலாவதித் தேதிகள். ரினியூவல் அறிவிப்பு வாரக்கணக்கில் திரையின் மூலையில் வந்துகொண்டே இருந்ததால், அதைப் பார்த்தவுடன் மூடிவிடுவது எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டது. ஐப்பசியில் சரக்கு குவிந்திருந்த நேரத்தில் இரண்டு கணினிகளின் லைசென்ஸ் முடிந்து நாற்பது நாள் ஆகியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. அந்த இரண்டில் ஒன்றில், பில் என்று மின்னஞ்சலில் வந்த கோப்பைத் திறந்ததும், கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் ரான்சம்வேர் நுழைந்தது.

கணக்கு இருந்த கணினியில் ஆன்டிவைரஸ் ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் டேலியின் பொதுக் கோப்புறையில் எழுதும் அனுமதி எல்லாக் கணினிகளுக்கும் இருந்ததால், வைரஸ் புகுந்த கணினியிலிருந்தே அத்தனை கணக்குக் கோப்புகளும் பூட்டப்பட்டன. பேக்கப் எடுத்து வைத்திருந்த இடமும் பொதுவில் இருந்ததால் அதுவும் போயிற்று. வீட்டில் இருந்த ஹார்ட் டிஸ்கில் பதினொரு நாள் பழைய நகல் கிடைத்தது; அதை வைத்துக்கொண்டு, அந்தப் பதினொரு நாள் பதிவுகளைக் காகித பில்களிலிருந்து இரவு பகலாக மீண்டும் ஏற்றினோம். ஏழில் ஒரு கதவு திறந்திருந்தால் ஏழு வீடும் திறந்திருப்பதற்குச் சமம் என்பதை அப்போது உணர்ந்தேன்.

டிஃபெண்டருக்குக் காலாவதித் தேதி கிடையாது. வேறு ஆன்டிவைரஸை நிறுவினால் ஒதுங்கிக்கொள்ளும், அதை நீக்கினால் தானே மீண்டும் வேலையைத் தொடங்கும்; புதுப்பிப்புகளும் விண்டோஸோடு சேர்ந்தே வருகின்றன. கணினியைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஆள் இல்லாத கடையில் இந்த ஒன்று மற்ற எல்லா வசதிகளையும்விடப் பெரியது. 2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய வான்னாகிரை என்ற ரான்சம்வேரை நினைத்துப் பாருங்கள். அது பயன்படுத்திக்கொண்ட ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அந்த ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டுவிட்டது. இரண்டு மாதம் அதைப் போடாமல் விட்ட கணினிகளே பெருமளவில் சிக்கின.

அதற்காக டிஃபெண்டரை அப்படியே விட்டுவிடவும் முடியாது. ரான்சம்வேரிலிருந்து கோப்புறைகளைக் காக்கும் கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ் வசதி தொடக்கத்தில் அணைந்தே இருக்கும். அதை ஏழு கணினிகளிலும் போட்டு, பொதுக் கோப்புறையையும் பட்டியலில் சேர்த்து, டேலிக்கு மட்டும் அனுமதி கொடுக்க அரை நாள் பிடித்தது. ஊழியர்கள் அனைவரையும் அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை இல்லாத கணக்குக்கு மாற்றினேன். திருட்டு மென்பொருளின் கிராக்கை ஓட்டுவதற்காக டிஃபெண்டரை அணைக்கச் சொல்லும் பழக்கம் நம் பக்கத்தில் பரவலாக இருப்பதால், அதையும் கடையில் அடியோடு நிறுத்தினேன்.

இதில் செலவே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. எங்கள் இரண்டு பழைய கணினிகள் விண்டோஸ் 11ஐ ஏற்காததால் அவற்றை மாற்ற வேண்டியதாயிற்று.

இணைய இணைப்புக்கும் கடைக் கணினிகளுக்கும் நடுவே நின்று போக்குவரத்தைச் சோதிக்கும் ஃபயர்வால் பெட்டிக்கும் விலை கேட்டேன். ஃபோர்டினெட், சோஃபோஸ் போன்றவற்றின் பெட்டிகளுக்கு, வாங்கும் விலைக்கு மேல் ஆண்டுச் சந்தாவும் உண்டு. இன்றைய இணையப் போக்குவரத்தில் பெரும்பகுதி பூட்டிய உறையில் போகும் கடிதம் போன்றது. அதைப் பிரித்துப் பார்க்க ஒவ்வொரு கணினியிலும் தனிச் சான்றிதழ் நிறுவ வேண்டும். அதைச் செய்யாமல் வைத்தால் பாதிக் கண்ணைக் கட்டிவிட்டுக் காவலுக்கு நிறுத்தியதாகும். பென் டிரைவில் வருவது அந்தப் பெட்டி வழியாகப் போவதே இல்லை. எங்களுக்கு இது பொருந்தவில்லை. விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய லினக்ஸையும் எண்ணிப் பார்த்தேன். மலைக்கு அந்தப் பக்கம் கேரள அரசுப் பள்ளிகள் அதில்தான் பாடம் நடத்துகின்றன. ஆனால் எங்கள் டேலிக்கு விண்டோஸ் வேண்டும்.

இரண்டு ஆண்டு ரினியூவல் தொகையில் இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கினேன். திங்கள், புதன், வெள்ளிக்கு ஒன்று. செவ்வாய், வியாழன், சனிக்கு மற்றொன்று. மாலையில் இணைத்து, நகல் எடுத்து, உடனே கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுகிறோம். இணைத்தே வைத்திருந்தால் ரான்சம்வேர் அதையும் பூட்டிவிடும். மாதம் ஒரு முறை அந்த நகலை வேறு கணினியில் டேலியில் திறந்து, கடைசி வவுச்சர் எண் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறேன். இரண்டாம் மாதமே ஒரு நகல் பாதியில் நின்றிருந்தது தெரியவந்தது.

ஏழு கணினிக்கு மேல் நான் பராமரித்ததில்லை. முப்பது கணினியும், அவற்றைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு ஒருவரும் உள்ள நிறுவனமாக இருந்தால், ஒரே திரையில் கண்காணிக்கும் கட்டணப் பதிப்பையே முதலில் பரிசீலிப்பேன். அப்போதும் எல்லா லைசென்ஸும் ஒரே நாளில் முடியும்படிதான் வாங்குவேன்.