மானியம் வாங்கித் தருவதாகச் சொன்னவரிடம் 46,500 ரூபாய் பறிகொடுத்தேன்: ஆடு வளர்ப்போர் கவனத்திற்கு

இன்று மதியம் வங்கியிலிருந்து திரும்பிய கையோடு இதை எழுதுகிறேன். தேசிய கால்நடை இயக்கத்தில் ஆட்டுப் பண்ணைக்கு 50 சதவீத மானியம் பெற்றுத் தருவதாகச் சொன்ன ஒரு தனியார் ஆலோசனை மையத்துக்கு ஐந்து மாதங்களில் 46,500 ரூபாய் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். பெயரை எழுதவில்லை. மாடியில் ஓர் அறை, வாசலில் மாட்டுப் படம், தூரத்திலிருந்து பார்த்தால் அரசு முத்திரை போலத் தோன்றும் ஒரு வட்டச் சின்னம்; அந்த வகைக் கடை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

திட்டம் பொய்யில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். 100 பெட்டை ஆடுகளும் 5 கிடாய்களும் கொண்ட பண்ணைக்கு மூலதனச் செலவில் பாதியை, 10 லட்சம் ரூபாய் வரை, மத்திய அரசு மானியமாகத் தருகிறது; மீதியை வங்கிக் கடனாகவோ சொந்தப் பணமாகவோ நாம்தான் போட வேண்டும்.

நான் நம்பிய இடத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கன்னி இன ஆடு வளர்க்கிறேன் என்றதும் அந்த மையத்தை நடத்துபவர் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டு, “பால்கன்னியா, செங்கன்னியா அண்ணாச்சி?” என்று கேட்டார். முகத்துக் கோடு வெள்ளையா சிவப்பா என்று கேட்கத் தெரிந்தவன் ஆட்டுக்காரனை ஏமாற்ற மாட்டான் என்று அந்த நொடியில் என் மனம் தீர்ப்பெழுதிவிட்டது. பதிவுக் கட்டணம் என்று 6,500, திட்ட அறிக்கைக்கு 25,000, ‘கோப்பை நகர்த்த’ 15,000. கடைசித் தொகைக்காக எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தையில் இரண்டு கிடாய்களை விற்றேன். ரசீது கிடைத்தது முதல் 6,500 ரூபாய்க்கு மட்டுமே. அதிலும் ‘ஆலோசனைக் கட்டணம்’ என்றுதான் எழுதியிருந்தது.

அதன் பிறகு கோப்பு சென்னையில் இருக்கிறது என்றார்கள். கமிட்டி கூடவில்லை என்றார்கள். சர்வர் வேலை செய்யவில்லை என்றார்கள். மூன்றாம் மாதத்தில் ‘அண்ணாச்சி’ போய் ‘சார்’ வந்தது. நான்காம் மாதத்தில் போனை ஒரு பெண் எடுத்து, அவர் கூட்டத்தில் இருப்பதாகச் சொன்னார், ஒன்பது முறை.

சந்தேகம் வந்து எங்கள் ஊர்க் கால்நடை மருந்தக மருத்துவரிடம் போனேன். என் கைபேசி எண்ணைக் கொண்டே அவர் இணையதளத்தில் நுழைந்து பார்த்தபோது, விண்ணப்பம் சமர்ப்பிக்கப்படாமல் பாதியில் கிடந்தது. பிறகு 25,000 ரூபாய் அறிக்கையைப் புரட்டியவர், பதினோராம் பக்கத்தில் விரலை வைத்து நிறுத்தி, என் பக்கம் திருப்பினார். ‘வெண்பன்றிக் கொட்டகை’ என்று இருந்தது. யாருக்கோ எழுதிய பன்றிப் பண்ணை அறிக்கையில் என் பெயரையும் ஊரையும் மட்டும் மாற்றி எனக்கு விற்றிருக்கிறார்கள். இன்று வங்கியில் விசாரித்ததில், என் பெயரில் கடன் விண்ணப்பமே வரவில்லை என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, “செய்த வேலைக்குத்தானே வாங்கினோம்” என்று ஒரே வாக்கியத்தில் முடித்தார்கள். 46,500 ரூபாய். இந்தக் கோடையில் தீவனத்துக்கு வைத்திருந்த பணம் அது.

எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. விண்ணப்பம் இணையத்தில் நீங்களே போடக்கூடியது. மானியம் உங்கள் கைக்கு முன்பணமாக வராது. சிட்பி என்னும் சிறுதொழில் வளர்ச்சி வங்கி வழியாக, நமக்குக் கடன் கொடுத்த வங்கிக்கு இரண்டு சம தவணைகளில் வரும், ஆகவே ‘மானியத்தை முதலில் வாங்கிவிடலாம்’ என்பவரிடம் உட்காரவே உட்காராதீர்கள். கைபேசிக்கு வரும் ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள். நான் மூன்று முறை சொன்னேன். முதலில் கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். காவல் நிலையத்தில் நாளைக் காலை மனு கொடுக்கிறேன். அந்தப் பதினோராம் பக்கத்தை மூன்று நகல் எடுத்து வைத்திருக்கிறேன்.