டிப்ரஷனா, தைராய்டு கம்மியா?

ரெண்டுலயும் ஒடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கும், எதுலயும் மனசு ஒட்டாது, மறதி வரும், வீட்ல கேட்டா சோம்பேறித்தனம்னு முடிச்சிருவாங்க.

தைராய்டு கம்மின்னா பெரும்பாலும் ஒடம்புலயே தடயம் இருக்கும். எல்லாரும் ஃபேன் போடுன்னு கத்தும்போது இவங்க மட்டும் போர்வை தேடுவாங்க, தோல் வறண்டு வெள்ள பூத்துக் கிடக்கும், சீப்புல கொத்தா முடி, மலச்சிக்கல், காலைல மூஞ்சி உப்பல், குரல் கரகரப்பு, பொண்ணுங்களுக்கு பீரியட்ஸ்ல ரத்தம் அதிகமா போறதும் உண்டு.

டிப்ரஷன்ல மனசு தான் முக்கியம். பிடிச்சதே பிடிக்காம போகும், நான் எதுக்கும் லாயக்கில்லன்னு தோணிட்டே இருக்கும், சிலருக்கு விடியக்காலை 3 மணிக்கே முழிப்பு. வெயிட் ஏறலாம், எறங்கவும் செய்யலாம். இப்படி 2 வாரம் தொடர்ந்தா டாக்டர பாக்கணும்.

என்னக் கேட்டா மொதல்ல தைராய்டு எப்படி இருக்குன்னு காட்டுற டிஎஸ்எச், எஃப்டி4 ரத்த டெஸ்ட் எடுத்துருங்க, பெரிய செலவில்ல. தைராய்டு தான்னா மாத்திரைய வெறும் வயித்துல போடணும் (காபி அரை மணி நேரம் கழிச்சு தான்!), 6 முதல் 8 வாரத்துல மறுபடி டெஸ்ட். டிஎஸ்எச் (தைராய்டு கம்மியானா இது ஏறும்) லேசா ஏறியிருக்குன்னு எல்லாப் பழியையும் அது மேல போடாதீங்க, ரெண்டும் சேந்தே வரலாம், மாத்திரையில லெவல் சரியாகியும் மனசு எந்திரிக்கலன்னா மனநல டாக்டர் தான். சாகணும்னு நெனப்பு வந்தா ரிப்போர்ட்டுக்கு எல்லாம் காத்திருக்க வேணாம், ஒடனே 14416க்கு போன் பண்ணுங்க, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல ஹெல்ப்லைன், தமிழ்லயே பேசுவாங்க.