கல்லீரல் நோய்க்குப் பத்தியம்: குறைப்பதா, கூட்டுவதா?

கல்லீரலில் கோளாறு என்றதும் சுற்றியிருப்பவர்கள் சொல்லும் பத்தியம் பெரும்பாலும் ஒன்றுதான்: "அளவைக் குறை, ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிடு." கொழுப்புக் கல்லீரல்காரருக்கு இது சரி. கல்லீரல் தழும்பேறி இறுகிப்போகும் சிரோசிஸ் வந்தவருக்கோ இதைவிடக் கெட்ட யோசனை இருக்க முடியாது.

கொழுப்புக் கல்லீரலில், கூடுதல் எடை உள்ளவருக்குக் குறைப்பதுதான் வழி. உடல் எடையில் 5 சதவீதம் இறங்கினாலே கல்லீரல் கொழுப்பு குறையத் தொடங்கும். 7 முதல் 10 சதவீதம் இறங்கினால் அழற்சியும் தணியும். மாவுச்சத்தைக் குறைப்பதா, எண்ணெயைக் குறைப்பதா என்று ஓயாமல் சண்டை போடுகிறார்கள். மொத்தக் கலோரி குறைந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே பலன்தான் தரும். எதை மாதக்கணக்கில் விடாமல் கடைப்பிடிக்க முடியுமோ அதை எடுத்துக்கொள்ளலாம். இனிப்புக் குளிர்பானத்துக்கு மட்டும் எந்தப் பக்கத்திலும் இடமில்லை. அதிலுள்ள ஃபிரக்டோஸைக் கல்லீரல் எளிதில் கொழுப்பாக்கிவிடும்.

சிரோசிஸில் கதையே வேறு. நல்ல கல்லீரல் பகலில் சர்க்கரையைச் சேமித்து இரவில் கொடுக்கும். தழும்பேறிய கல்லீரலில் அந்தக் கையிருப்பு சீக்கிரம் தீர்ந்துவிடுவதால் உடல் தன் தசையைக் கரைக்கத் தொடங்குகிறது. இவருக்கு ஓர் இரவுப் பட்டினி, ஆரோக்கியமானவர் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடப்பதற்குச் சமம். அதனால்தான் படுக்கப்போகும் முன் சுமார் 50 கிராம் மாவுச்சத்துள்ள சிற்றுணவு சாப்பிடச் சொல்கிறார்கள்.

அப்புறம் புரதம். புரதத்திலிருந்து உண்டாகும் அம்மோனியா ரத்தத்தில் ஏறி மூளை குழம்பும் என்று பயந்து ஒருகாலத்தில் புரதத்தை வெட்டினார்கள். இப்போது அப்படியில்லை. குழப்பம் வந்து படுத்தவர்களைக் குறைந்த புரதம், வழக்கமான புரதம் என்று இரு பிரிவாக்கி 2004-இல் வெளியான ஆய்வில், குழப்பம் தெளிவதில் வேறுபாடு இல்லை. குறைத்தவர்களுக்குத்தான் உடலிலுள்ள புரதம் அதிகமாகச் சிதைந்தது. அம்மோனியாவை அகற்றுவதில் தசைக்கும் பங்குண்டு என்பதை மறந்துவிட்டோம். இன்றைய பரிந்துரை நாளொன்றுக்குக் கிலோ எடைக்கு 1.2 முதல் 1.5 கிராம், 60 கிலோ என்றால் 72 முதல் 90 கிராம். பருப்பும் பாலும் இறைச்சியைவிட ஒத்துக்கொள்ளும். ஆனால் இறைச்சி மட்டுமே இறங்குகிறது என்றால் அதைத் தடுப்பது புத்திசாலித்தனம் அல்ல.

ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வயிற்றில் நீர் கோத்திருந்தால் தராசு பொய் சொல்லும். எடை அப்படியே இருக்க, நெற்றிப்பொட்டு குழிந்து புஜம் மெலிந்துகொண்டே போகும். நீரைக் கழித்த எடைக்குத்தான் புரதக் கணக்கு.

நீர் கோத்தவருக்கு உப்பு நாளொன்றுக்கு 5 கிராம் அளவில் போதும். அதற்கும் கீழே போனால் சாப்பாடு ருசிக்காமல் தட்டை ஒதுக்கிவிடுவார். அது உப்பைவிடப் பெரிய இழப்பு. "உப்புக்கு மாற்று" என்று விற்பதைக் கண்டு ஏமாற வேண்டாம். பலவற்றில் இருப்பது பொட்டாசியம். நீரை இறக்கக் கொடுக்கும் ஸ்பைரோனோலாக்டோனும் பொட்டாசியத்தை ஏற்றும். இரண்டும் சேர்ந்தால் இதயத்துடிப்பே தாறுமாறாகலாம்.