டேக்குக்கு யுஎஸ்பியா, ஆப்டிகலா?

மேசைக் கம்ப்யூட்டர், தனி டேக் (டிஜிட்டல் ஒலியை அனலாக் சிக்னலாக மாற்றும் கருவி), பவர்டு ஸ்பீக்கர் (ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருப்பது) என்ற அமைப்பில், கம்ப்யூட்டரை டேக்கோடு இணைக்க என் ஓட்டு ஆப்டிகலுக்கு. என் மேசையிலும் அதுதான். ஆனால் பிட் பிழைக்கு (வழியில் 0, 1 மாறிப்போவதற்கு) பயந்து அதை எடுக்க வேண்டாம்.

யுஎஸ்பி ஆடியோவில் சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண் பிழையைக் காட்டிக்கொடுக்கும், ஆனால் தரவு மறுபடி வராது. ஆப்டிகலில் ஒவ்வொரு சாம்பிளுக்கும் பிழையைக் கண்டறிய ஒரு பாரிட்டி பிட், அவ்வளவே. இருந்தும் ஒழுங்கான இரண்டு மீட்டர் கேபிளில் பிழை அபூர்வம். வந்தால் 'டிக்' என்று கேட்கும், இல்லையேல் ஒலி அறுபடும். பேஸ் மெலிவதும் குரல் மங்குவதும் பிட் பிழையால் அல்ல.

உண்மையான தொல்லை கிரவுண்டில் இருக்கிறது. யுஎஸ்பி கேபிளில் டேட்டாவோடு 5 வோல்ட்டும் கிரவுண்டும் சேர்ந்தே வருகின்றன. கம்ப்யூட்டருக்கும் ஸ்பீக்கருக்கும் மூன்று பின் எர்த் இருந்தால் கிரவுண்ட் லூப் (எர்த், கிரவுண்ட் கம்பிகள் சேர்ந்து உருவாகும் மூடிய சுற்று) உருவாகும். எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டரின் பவர் சப்ளை), கிராஃபிக்ஸ் கார்டு இரைச்சல், டேக்கிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் ஆர்சிஏ கேபிளின் ஷீல்டு (வெளி உலோக உறை) வழியே ஓடி, டேக்குக்குப் பிந்தைய அனலாக் சிக்னலில் கலக்கும். பிட்டுகள் அப்படியே இருக்கும், காது மட்டும் அவதிப்படும். 50 ஹெர்ட்ஸ் ஹம், மவுஸை உருட்டினால் மாறும் கீச்சொலி, சில சமயம் 8 கிலோஹெர்ட்ஸ் ஊளை (ஹை ஸ்பீடு யுஎஸ்பி 125 மைக்ரோ செகண்டுக்கு ஒருமுறை துடிப்பதால்).

சோதிப்பது எளிது. பாட்டை நிறுத்தி, வால்யூமைச் சற்று ஏற்றி, யுஎஸ்பியை மட்டும் பிடுங்குங்கள். டேக்குக்குத் தனி அடாப்டர் இருந்து, இரைச்சலும் அடங்கினால் லூப்தான். விலை உயர்ந்த யுஎஸ்பி கேபிள் இதைத் தீர்க்காது, அதிலும் அதே கிரவுண்ட் கம்பி. எர்த் பின்னை வெட்டுவது உயிரோடு விளையாடுவது. டேக்குக்கும் ஸ்பீக்கருக்கும் இடையே பேலன்ஸ்டு கேபிள் (சிக்னலை இரு கம்பிகளில் அனுப்பி, பொதுவான இரைச்சலைக் கழிப்பது) உதவும். யுஎஸ்பி ஐசோலேட்டர் (இரு பக்க கிரவுண்டையும் பிரிக்கும் கருவி) வாங்கினால் 480 எம்பிபிஎஸ் வகையா என்று பாருங்கள். மலிவானவை பெரும்பாலும் 12 எம்பிபிஎஸ்தான், பல டேக்குகள் அதில் ஹை ரெசல்யூஷனுக்குப் போகாது.

ஆப்டிகலில் போவது வெளிச்சம், உலோகத் தொடர்பே இல்லை. ஆனால் டேக்குக்குக் கம்ப்யூட்டரின் யுஎஸ்பியிலிருந்தே கரண்ட் எடுத்தால் லூப் திரும்ப வந்துவிடும்; தனி அடாப்டர் வேண்டும். புது கேபிளின் முனையில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் மூடியைக் கழற்றுங்கள், கூர்மையாக மடிக்காதீர்கள். சாம்பிள் ரேட் 96 கிலோஹெர்ட்ஸ் வரை கவலையில்லை. 192-ல் பல கருவிகள் தடுமாறும். மூன்றாவது வழியான கோஆக்சியல் டிஜிட்டல் கேபிளில் உலோக ஷீல்டு உண்டு, எனவே கிரவுண்டைப் பிரிக்கும் டிரான்ஸ்பார்மர் இல்லாத இடத்தில் லூப் அபாயமும் உண்டு.

ஜிட்டரில் (சாம்பிள்களின் நேரத் தடுமாற்றத்தில்) காகிதத்தில் யுஎஸ்பிக்கே வெற்றி: அசின்க்ரோனஸ் முறையில் டேக்கின் கடிகாரமே எஜமான், ஆப்டிகலில் சிக்னலிலிருந்து கடிகாரத்தை மீட்க வேண்டும். இன்றைய நல்ல டேக்குகளில் இந்த வேறுபாடு காதுக்கு எட்டாது என்பது என் கணிப்பு, பழைய மலிவு டேக்குகளுக்கு உத்தரவாதம் தரமாட்டேன். வேறு எர்த் உள்ள கருவி எதிலும் இணைக்காமல் பேட்டரியில் ஓடும் லேப்டாப் என்றால் எர்த் லூப்பே இல்லை. யுஎஸ்பியைச் செருகிவிட்டுப் பாட்டு கேட்கலாம்.