ஐம்பது மீட்டரா, ஒரு கிலோமீட்டரா, நீர் வரும் வழியா?

சென்னையின் தெற்கே உள்ள பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்திலிருந்து எவ்வளவு தள்ளி வீடு கட்டலாம்? 2025-இல் அதையொட்டிய பெரும்பாக்கத்தில் கட்டவிருந்த பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்ததும் இந்தக் கேள்வி சூடு பிடித்தது. மூன்று விடைகள் இருக்கின்றன. நான்காவதாக ஒன்றும் அவ்வப்போது காதில் விழுகிறது. அதை முதலில் பார்த்துவிடலாம்.

"இங்கே கட்டிக்கொள்கிறோம், பதிலுக்கு வேறிடத்தில் குளம் வெட்டித் தருகிறோம்" என்பதுதான் அந்த யோசனை. கூழைக்கடாவும் பூநாரையும் புதுக் குளத்துக்குப் பறந்து போகும் என்றே வைத்துக்கொள்வோம். நீரில் வளரும் கொட்டிச் செடி எப்படிப் போகும்? தண்ணீர் வற்றினால் அதன் இலைகள் மறைந்துவிடும். கிழங்கு மட்டும் சேற்றுக்குள் உறங்கும். மழை வந்து நீர் நின்றதும் மறுபடி துளிர்க்கும். மே மாதத்தில் கணக்கெடுக்க வருபவர் வெடித்துக் கிடக்கும் களிமண்ணைப் பார்த்து 'தரிசு' என்று எழுதிவிட்டுப் போகலாம். அவர் காலடியில்தான் அந்தக் கிழங்கு இருக்கும். இருப்பது இன்னதென்றே தெரியாமல் அதற்கு ஈடு கொடுப்பதாகச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

இனி மூன்றுக்கு வருவோம். 2017-ஆம் ஆண்டின் ஈரநிலப் பாதுகாப்பு விதிகள், அவை நடைமுறைக்கு வருவதற்கு முந்தைய பத்தாண்டுகளின் சராசரி உச்ச வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டடம் கூடாது என்கின்றன; படகுத்துறைக்கு மட்டும் விலக்கு. இதன் பலம் தெளிவு. நில அளவையர் கல் நட்டுக் காட்டிவிடலாம், மனை வாங்குபவரும் நேரில் வந்து பார்த்துக்கொள்ளலாம். ஆனால், பள்ளிக்கரணை தட்டையான நிலம். கார்த்திகையில் பரந்து நிற்கும் நீர் ஆனியில் சுருங்கிவிடும். சுற்றிலும் லாரி லாரியாகக் கிராவல் கொட்டி மனைகளை மேடாக்கினால், வெள்ளம் நிற்கும் இடமே மாறிப்போகும். எதிலிருந்து அளக்கிறோமோ அதுவே நகரும்போது 50 மீட்டருக்கு என்ன பொருள்?

நீளவால் இலைக்கோழி என்ற நீர்ப்பறவையை அருகில் பார்த்தால் இது இன்னும் விளங்கும். நீரில் மிதக்கும் இலைகளின் மேல் கொஞ்சம் தண்டும் தழையும் சேர்த்து, பழுப்பு நிறத்தில் பளபளக்கும் நான்கு முட்டைகளை இடும். இட்டதும் பெண் பறவை விலகிவிடும், அடைகாப்பது ஆண்தான். ஈரம் ஏறினால் முட்டையை அலகுக்கும் மார்புக்கும் நடுவில் அணைத்து மெல்ல வேறு இலைக்கு நகர்த்தும். நீர் மெதுவாக ஏறினால் இதெல்லாம் முடியும். கீழ்த்தள வாகன நிறுத்தத்துக்குத் தோண்டிய பள்ளத்திலிருந்து இரவு பகலாக இறைக்கும் நீரும் மேடாக்கிய மனைகள் தள்ளிவிடும் மழைநீரும் ஒன்றாகப் பாய்ந்தால், வேர் பிடித்த ஆம்பல் இலை எவ்வளவுதான் உயரும்? அந்த நீர் 50 மீட்டருக்கு அப்பாலிருந்தும் வரும்.

இரண்டாவது விடை ஒரு கிலோமீட்டர். எங்கே கட்டினால் சதுப்பு நிலம் பாதிக்கப்படும் என்ற 'தாக்க மண்டலத்தை' வரையறுத்து முடிக்கும் வரை, ராம்சர் எனும் பன்னாட்டு ஈரநில ஒப்பந்தத்தின் கீழ் அறிவிக்கப்பட்ட எல்லைக்குள்ளும் அதைச் சுற்றி 1 கி.மீ. வரையிலும் கட்டுமான அனுமதி தர வேண்டாம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2025-இல் உத்தரவிட்டது. அரை கிரவுண்டு மனை வாங்கி, வங்கிக் கடனும் கட்டிக்கொண்டு, வரைபட அனுமதிக்குக் காத்திருக்கும் குடும்பத்துக்கு இது பேரிடிதான். அந்த வலியை யாரும் சிறிதாக்கிப் பேசக் கூடாது. என்றாலும் தூரம் வைத்துக் காப்பது வெறும் கற்பனையில்லை. இங்கிலாந்தின் தேம்ஸ் படுகைப் புதர்க்காடுகளில் தரையில் முட்டையிடும் பக்கிப் பறவைக்காக 400 மீட்டருக்குள் புது வீடுகளே கூடாது என்று வைத்திருக்கிறார்கள். வீட்டுப் பூனையும், நாயை நடக்கக் கூட்டி வருபவர்களும் செய்யும் தொல்லையை மனத்தில் வைத்துப் போட்ட கணக்கு அது. நாய், பூனை, இரவு விளக்கு, இரைச்சல் ஆகியவற்றுக்குத் தூரமே மருந்து. தண்ணீருக்கு அது போதாது.

அதனால்தான் மூன்றாவது விடையின் பக்கம் நிற்கிறேன். அதே 2017 விதிகள் 'தாக்க மண்டலம்' என்பதை நீர்ப்பிடிப்புப் பகுதியைக் கொண்டுதான் வரையறுக்கின்றன: எந்தப் பகுதியில் கட்டினால் ஈரநிலம் கெடுமோ அதுவே மண்டலம். அதில் மீட்டர் கணக்கே இல்லை. செம்பாக்கம் ஏரி நிரம்பினால் நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரிக்கு ஏரி இறங்கி இங்கே வந்து சேரும். செம்பாக்கம் அந்த ஒரு கிலோமீட்டருக்கு வெகு தொலைவில் இருக்கிறது; அங்கே ஒரு கால்வாயை அடைத்தாலும் சதுப்பு நிலம் அதை உணரும். வெளியேறும் வழியான ஒக்கியம் மடுவு குறுகினாலும் அப்படியே. மறுபக்கம், 1 கி.மீ.க்குள் இருந்தும் சதுப்பு நிலத்துக்கு நீர் வடியாத தெரு இருந்தால், அங்கே சிறு வீடு கட்டுபவரைக் காக்க வைக்க நியாயமில்லை.

இதன் பலவீனம் காலம். வரைபடம் தாமதமாகும், ஒவ்வொரு புல எண்ணுக்கும் வழக்கு வரும். ராம்சர் தளம் சுமார் 1,248 ஹெக்டேர், அதில் அரசு வனமாக அறிவித்த காப்புக்காடு ஏறக்குறைய 700 ஹெக்டேர்தான். இடைப்பட்ட நிலத்தில்தான் சண்டை முழுவதும். ஆகவே வரைபடம் வரும் வரை ஒரு கிலோமீட்டர் அப்படியே நிற்கட்டும். வந்த பிறகும் கரையோரத்து 50 மீட்டரைத் தொடக் கூடாது. கணக்கெடுப்பை மட்டும் கோடையில் முடித்துவிடாமல், ஐப்பசியில் தொடங்கி அடுத்த ஆனி வரை நடத்தட்டும். கொட்டி தலைகாட்டுவதும் சேற்றுத் திட்டில் உள்ளான் பறவைகள் இறங்குவதும் அப்போதுதான் ஒரே ஏட்டில் பதிவாகும்.